ஒரே வேலை, வேறு தெரு: சைபர்பங்க் 2077 வழியாக ஆர்பிஜி சலிப்பைப் புரிந்துகொள்ளுதல்

ஆர்பிஜி எனப்படும், ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடும் பெரிய விளையாட்டு ஒன்றை வாங்கி முதல் பத்து மணி நேரம் அதிலேயே மூழ்கிக் கிடந்தவர்கள், முப்பதாவது மணி நேரத்தில் "செய்ததையேதான் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லி அதை மூடிவைப்பது அடிக்கடி நடக்கிறது. கிராஃபிக்ஸில் குறை வந்துவிடவில்லை, கதையும் கெட்டுவிடவில்லை, கட்டுப்பாடுகளும் கைக்குப் பழகிவிட்டன. ஆனாலும் ஆர்வம் வற்றிவிடுகிறது. விமர்சனங்கள் 'ரிப்பீட்டிவ்' என்ற ஒரே சொல்லில் கடந்துபோகும் இந்தக் குறை எங்கிருந்து பிறக்கிறது, எல்லா விளையாட்டுகளிலும் ஏதோவொன்று திரும்பத் திரும்ப வரும்போது சிலவற்றில் மட்டும் அது ஏன் உறுத்துகிறது என்பவற்றை, இந்த உலகுக்குப் புதிதாக வருபவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

உதாரணமாக எடுத்துக்கொள்வது, போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பர் 10 அன்று வெளியிட்ட சைபர்பங்க் 2077. அளவுக்கு மீறிய எதிர்பார்ப்போடு வந்து, பலரை ஏமாற்றி, பிறகு ஆண்டுக்கணக்கில் திருத்தப்பட்ட விளையாட்டு அது. ஒரு விளையாட்டில் எந்தக் குறையைப் பின்னால் சரிசெய்ய முடியும், எது அதன் எலும்புக்கூட்டிலேயே இருக்கிறது என்று பிரித்தறிய இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

மேசையிலிருந்து திரைக்கு

இந்த விளையாட்டின் மூலம் கணினியில் தொடங்கவில்லை. அமெரிக்கரான மைக் பான்ட்ஸ்மித் உருவாக்கி, அவருடைய ஆர். டல்சோரியன் கேம்ஸ் நிறுவனம் 1988இல் வெளியிட்ட 'சைபர்பங்க்' என்ற மேசை விளையாட்டுதான் அதன் வேர். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, தாளும் பகடையும் வைத்துக்கொண்டு ஆடுவது அது. அவர்களில் ஒருவர் நடுவராக இருந்து உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பாத்திரமேற்று ஆடுதல் என்ற ஆர்பிஜி மரபு முழுவதும் இப்படிப்பட்ட மேசைகளிலிருந்து வந்தது.

அந்த மேசையில் நடுவர் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஒரு கிடங்கில் இருக்கும் பெட்டியைத் திருடிவர வேண்டும் என்று நடுவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆடுபவர்களில் ஒருவர், தான் காவலாளியிடம் சென்று அவருடைய மகளுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லப்போவதாக அறிவிக்கிறார். நடுவர் இதை முன்கூட்டியே யோசித்திருக்க மாட்டார். ஆனாலும் அந்தக் கணத்தில் காவலாளிக்கு ஒரு பெயரையும் ஒரு குடும்பத்தையும் கொடுத்து, கதையை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார். அடுத்த வாரமும் அதே கிடங்கு, அதே திருட்டு என்று வந்தாலும், சென்ற வாரம் ஏமாந்த காவலாளி இப்போது வேலையிழந்து வெளியே நிற்கலாம். வேலை ஒன்றுதான், நிலைமை வேறாகிவிடுகிறது.

கணினி விளையாட்டில் அந்த நடுவர் இல்லை. காவலாளி சொல்லப்போகும் ஒவ்வொரு வரியையும் யாரோ முன்கூட்டியே எழுத வேண்டும், நடிகர் ஒருவர் பேசிப் பதிவுசெய்ய வேண்டும், முகத்தின் அசைவை உருவாக்க வேண்டும், பிறகு அது பிழையின்றி நடக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சைபர்பங்க் 2077இல் நாம் ஏற்கும் 'வி' என்ற பாத்திரத்துக்கு ஆண்குரல், பெண்குரல் என்று இரண்டு குரல்கள் உண்டு. ஆகவே அதன் ஒவ்வொரு வசனமும் இருமுறை பதிவாக வேண்டும், அதுவும் பல மொழிகளில். மிஷன் எனப்படும், ஆடுபவருக்குத் தரப்படும் ஒரு பணியில் ஒரு கிளையைக் கூடுதலாகச் சேர்த்தால் இந்த உழைப்பு முழுவதும் இன்னொரு மடங்கு ஆகும். கையால் செதுக்கிய மிஷன்கள் எந்த விளையாட்டிலும் குறைவாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

விளையாட்டின் வரைபடமோ பெரிதாகிக்கொண்டே போகிறது. ஓபன் வேர்ல்டு எனப்படும் திறந்த உலக விளையாட்டுகளில், ஆடுபவர் விரும்பிய தெருவில் விரும்பிய நேரத்தில் திரியலாம் என்பதே விற்பனைக்குரிய வாக்குறுதி. அப்படித் திரிபவருக்கு ஒவ்வொரு தெருவிலும் ஏதாவது செய்யக் கிடைக்க வேண்டும். கையால் செய்தது அவ்வளவு தெருக்களுக்குப் போதாது என்பதால், ஓர் அச்சை உருவாக்கி, அதில் எதிரிகளின் உடையையும் இடத்தையும் மாற்றி மாற்றி வார்த்துவிடுகிறார்கள். இருக்கும் மோரில் நீரை விளாவி இன்னும் பத்துப் பேருக்கு ஊற்றுவது போன்ற வேலை இது. எல்லாத் தம்ளரும் நிறையும், புளிப்பு மட்டும் குறைந்துகொண்டே போகும்.

ஒரு மிஷன் கொடுத்த நம்பிக்கை

சைபர்பங்க் 2077ஐ உருவாக்குவதாக 2012இலேயே அறிவித்துவிட்டார்கள். ஆனால் மக்களின் கற்பனையைக் கிளப்பியது 2018 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட 48 நிமிட விளையாட்டுக் காட்சிதான். அதில் இடம்பெற்ற முக்கியமான மிஷன் முடிவான விளையாட்டிலும் இருக்கிறது. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

மெயில்ஸ்ட்ராம் என்ற கும்பல், கைவிடப்பட்ட ஓர் உணவுத் தொழிற்சாலையில் முகாமிட்டிருக்கிறது. மிலிடெக் என்ற ராணுவத் தளவாட நிறுவனத்திடமிருந்து திருடப்பட்ட, சிலந்தி போன்ற ஒரு சிறிய ரோபோ அவர்களிடம் இருக்கிறது. அதை வாங்கிவர வேண்டும். நேராகச் சென்று உங்கள் சொந்தப் பணத்தைக் கொடுக்கலாம். முதலில் மிலிடெக்கின் அதிகாரியான மெரிடித் ஸ்டவுட்டைச் சந்தித்து, அவர் தரும் பணச் சிப்பைக் கொண்டுபோகலாம். அந்தச் சிப்புக்குள் கும்பலின் கணினிகளை முடக்கும் வைரஸ் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அகற்றிவிட்டும் கொடுக்கலாம், கும்பலின் தலைவன் ராய்ஸிடம் உண்மையைச் சொல்லியும்விடலாம், ஒன்றும் தெரியாததுபோல் நீட்டிவிட்டு நடப்பதைப் பார்க்கலாம், அல்லது பேச்சே வேண்டாம் என்று துப்பாக்கியை எடுக்கலாம். அதே கட்டடத்தில் பழைய தலைவன் பிரிக் அடைபட்டுக் கிடக்கிறான். அவனை விடுவித்தால், பல மணி நேரம் கழித்து வேறொரு கதையில் மெயில்ஸ்ட்ராமின் கூடாரத்துக்குள் நீங்கள் நுழையும்போது, அந்தப் பழைய உதவி உங்களுக்குக் கைகொடுக்கும். சண்டையின்றியே காரியம் முடியும்.

மேசை விளையாட்டின் நடுவர் செய்வதற்கு மிக அருகில் கணினி வந்துவிட்ட தருணம் இது. நீங்கள் செய்தது நினைவில் வைக்கப்படுகிறது, பிறகு திரும்பி வருகிறது. இதைப் பார்த்தவர்கள், விளையாட்டு முழுவதும் இப்படித்தான் இருக்கும் என்று நம்பியதில் தவறே இல்லை. 80 லட்சம் பேர் வெளியாவதற்கு முன்பே பணம் கட்டிவைத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த நகரத்தில், இந்தத் தரத்தில் உருவான மிஷன்கள் உண்மையாகவே இருந்தன. ஆனால் அவற்றைச் சுற்றி வேறொரு வகை வேலை வரைபடம் முழுவதும் கொட்டிக் கிடந்தது.

தெருமுனையில் நடப்பது

கதையின் முதல் பகுதியில், அது நடக்கும் கற்பனை நகரமான நைட் சிட்டியின் வாட்சன் என்ற வட்டாரத்துக்குள்தான் பெரும்பாலும் இருப்போம். பெரிய கொள்ளை ஒன்று முடிந்ததும் நகரம் முழுவதும் திறந்துவிடும். அப்போது தொலைபேசி ஓயாமல் ஒலிக்கத் தொடங்கும்: ஒவ்வொரு வட்டாரத்திலும் ஃபிக்ஸர் எனப்படும் ஒரு தரகர் இருக்கிறார், அவர்கள் ஒவ்வொருவராக அழைத்து வேலை இருப்பதாகச் சொல்வார்கள், வெளியான காலத்தில், நடுநடுவே விற்பனைக்குக் கார் இருக்கிறது என்ற செய்திகளும் குவிந்தன. வரைபடத்தைத் திறந்தால் ஐகான்களுக்கிடையே தெருக்களைத் தேட வேண்டியிருக்கும்.

இவற்றில் மிகுதியாக இருப்பவை காவல்துறையின் வானொலியிலிருந்து வரும் குற்றத் தகவல்கள். ஒரு தெருமுனையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் அருகில் போனதும் காவல்துறைக் குரல் ஒன்று, இங்கே ஒரு குற்றம் நடப்பதாக அறிவிக்கிறது. குப்பைத் தொட்டிகளுக்கும் நிறுத்திவைத்த வேனுக்கும் நடுவே நான்கைந்து கும்பல் ஆட்கள் நிற்கிறார்கள். தரையில் ஓர் உடல் கிடக்கிறது. சுடுகிறீர்கள். எல்லோரும் விழுந்த பிறகு பெட்டியைத் திறந்து துப்பாக்கிகளையும் சட்டைகளையும் எடுத்துக்கொள்கிறீர்கள். கூடவே ஒரு சில்லு கிடைக்கிறது. அதைத் திறந்தால் இரண்டு பேருக்கிடையே நடந்த உரையாடல் எழுத்து வடிவில் இருக்கிறது. பணமும், தெருவில் உங்கள் பெயரைக் காட்டும் மதிப்பெண்ணும் ஏறுகின்றன. அடுத்த முனையில் மெயில்ஸ்ட்ராமுக்குப் பதில் டைகர் கிளாஸ் நிற்கும், அதற்கடுத்த வட்டாரத்தில் வேலன்டினோஸ். மற்றதெல்லாம் அதே வரிசையில் நடக்கும்.

இங்கே ஒரு நுட்பமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் இதைத்தான் பெரும்பாலான விமர்சனங்கள் தவறவிடுகின்றன. அந்தச் சில்லுகளில் இருக்கும் எழுத்து மோசமானதல்ல. மனைவியின் சிகிச்சைக்காகக் கடன் வாங்கியவர், கும்பலைவிட்டு விலக நினைத்த இளைஞன், சக ஊழியரைக் காட்டிக்கொடுத்தவர் என்று சிறுகதைக்குரிய மனிதர்கள் அவற்றில் வரக்கூடும். ஆனால் அந்தக் கதை நம் கைக்கு வரும்போது அதிலிருந்த எல்லோரும் செத்துக் கிடக்கிறார்கள். நாம் என்ன செய்திருக்கலாம் என்ற கேள்வி எழுவதற்கு முன்பே செய்ய வேண்டியதைச் செய்துமுடித்துவிட்டோம். எழுத்தாளரின் உழைப்பு செயலுக்கு முன்னால் வந்திருந்தால் அது ஒரு தேர்வாகியிருக்கும். பின்னால் வருவதால் வெறும் அடிக்குறிப்பாகிவிடுகிறது. பத்துச் சில்லுகளைப் படித்த ஒருவர் பதினோராவதைத் திறக்காமலே நகர்வது சோம்பலால் அல்ல. படித்தாலும் படிக்காவிட்டாலும் ஒன்றும் மாறாது என்று விளையாட்டே அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

தரகர்கள் தரும் 'கிக்' எனப்படும் வேலைகள் இதைவிட ஒரு படி மேல். யாரையாவது மீட்பது, எதையாவது திருடுவது, ஒருவரைக் கொல்வது என்பவைதான் அவையும்; ஆனால் இடங்களை அமைத்தவர்களின் திறமை அவற்றில் தெரிகிறது. உடல்வலிமை மிக்கவர் கதவைப் பிய்த்துத் திறக்கலாம், தொழில்நுட்பம் அறிந்தவர் பின்கதவின் பூட்டை நீக்கலாம், காலில் எந்திரம் பொருத்திக்கொண்டவர் மொட்டைமாடிக்குத் தாவலாம், ஹேக்கிங் தெரிந்தவர் வெளியிலிருந்தே கேமராக்களை வசப்படுத்தலாம். உள்ளே போகப் பல வழிகள் உண்டு. வெளியே வரும்போதுதான் எல்லா வழிகளும் ஒன்றாகிவிடுகின்றன: பெரும்பாலானவற்றில் தரகர் வேலை முடிந்தது என்கிறார், பணம் வருகிறது, ஐகான் மறைகிறது.

நகரத்துக்கு நினைவு இல்லை என்பதே இதன் பொருள். டைகர் கிளாஸ் கும்பலின் ஆட்களை டஜன் கணக்கில் கொன்றுவிட்டு அதே கும்பலின் வட்டாரத்தில் நடந்துபோனால், தெருவில் நிற்கும் அவர்களுடைய ஆட்களுக்கு உங்களைத் தெரியாது. கும்பல்வாரியாக உங்கள் மதிப்பைக் கணக்கிடும் முறை விளையாட்டில் கிடையாது. நகரம் முழுமைக்கும் ஒரே ஒரு மதிப்பெண், அதுவும் ஏறிக்கொண்டே மட்டும் இருக்கும். தொடக்கத்தில் நாடோடி, தெருப்பிள்ளை, நிறுவன அதிகாரி என்று மூன்று வாழ்க்கைப் பின்னணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். சிறிய முன்கதை ஒன்றுக்குப் பிறகு மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன, அதன்பின் அந்தத் தேர்வு பெரும்பாலும் சில கூடுதல் வசனங்களாக மட்டுமே தலைகாட்டுகிறது.

கதையின் அவசரமும் இதைக் கூர்மையாக்குகிறது. வியின் தலைக்குள் இருக்கும் சிப் அவரைச் சில வாரங்களில் கொன்றுவிடும் என்று மருத்துவர் சொல்லிவிடுகிறார். அந்தச் சிப்பில் பதிந்திருக்கும், இறந்துபோன ராக் பாடகனான, கியானு ரீவ்ஸ் நடித்த ஜானி சில்வர்ஹேண்டின் நினைவுகள் மெல்ல மெல்ல அந்த மூளையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட மனிதர், முன்பின் தெரியாத ஒருவரின் பெட்டிக்காகத் தெருமுனையில் சண்டையிட நேரம் செலவழிப்பது பொருந்தவில்லை. ஓய்வான கதை ஒன்றில் உறுத்தாத வேலைகள், உயிர்போகும் கதையில் உறுத்துகின்றன.

பிழை வேறு, திரும்ப வருதல் வேறு

2020 டிசம்பரில் இந்த விளையாட்டின்மீது எழுந்த கோபத்துக்கு முதன்மையான காரணம் தொழில்நுட்பப் பிழைகள். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பழைய கருவிகளில் அது தடுமாறியது, அடிக்கடி நின்றுபோனது. சோனி நிறுவனம் ஒரே வாரத்தில் தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தந்தது. 2021 ஜூனில்தான் மீண்டும் சேர்த்துக்கொண்டது. இந்தக் களேபரத்தில் இரண்டு வகைப் புகார்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. நல்ல கணினியில், பெரிய பிழை எதையும் சந்திக்காமல் ஆடியவர்களும் ஏமாற்றத்தைச் சொன்னார்கள் என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

பிழை என்பது, செய்ய நினைத்த ஒன்று சரியாக நடக்காமல் போவது. அதைக் கண்டுபிடித்துத் திருத்தி, பேட்ச் எனப்படும் திருத்தத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டால் தீர்ந்தது. காவல்துறையினர் உங்கள் முதுகுக்குப் பின்னால் வெற்றிடத்திலிருந்து முளைத்ததும், துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் தெருவிலிருந்த கூட்டம் முழுவதும் ஒரே மாதிரி குந்திக்கொண்டதும் அந்த நாட்களில் பரவலாகக் கேலிக்குள்ளாயின. இவையெல்லாம் ஓரளவு மாற்றத்தக்கவை, மாற்றவும் பட்டன. ஒரே அச்சில் வார்த்த பணிகளோ செய்ய நினைத்தபடியே சரியாக நடப்பவை. அவற்றில் திருத்துவதற்கு எதுவும் உடைந்திருக்கவில்லை. அவற்றை மாற்ற வேண்டுமானால் எழுத்திலிருந்து குரல்வரை ஒவ்வொன்றையும் புதிதாக உருவாக்க வேண்டும். பேட்ச் ஒன்றுக்குள் அடங்கும் வேலை அல்ல அது.

2023 செப்டம்பரில் வந்த 2.0 பேட்ச் இதை நன்றாக உணர்த்துகிறது. திறன்களை வளர்க்கும் முறை முழுவதையும் அதில் கலைத்துப் புதிதாகக் கட்டினார்கள். அதற்கு முன்பு, பாதுகாப்பு எண்கள் சட்டையிலும் தொப்பியிலும் இருந்ததால், சில நிமிடங்களுக்கொருமுறை கண்டெடுத்த உடைகளை ஒப்பிட்டுப் பார்த்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது, 2.0 அந்த எண்களை உடலில் பொருத்தும் எந்திர உறுப்புகளுக்கு மாற்றியதால் அந்தத் தொல்லை ஒழிந்தது. நேரத்தை மெதுவாக்கும் உறுப்பைப் பொருத்திக்கொண்டு கத்தியோடு பாய்வதும், தூரத்திலிருந்தே எதிரிகளின் உடலுக்குள் புகுந்து ஹேக் செய்வதும் உண்மையிலேயே தனித்தனி ஆட்டமுறைகளாயின. தெருமுனை வேலைகள் மாறவில்லை. அவற்றைச் செய்யும் விதம் இனிமையாயிற்று. திரும்ப வரும் பணியின் சலிப்பைத் தணிக்க இது ஒரு நேர்மையான வழிதான். கைகளுக்குப் புதிய மொழி கிடைத்தால், பழைய இடத்திலும் சிறிது காலம் புதிதாகப் பேசலாம். ஆனால் அந்த மொழியும் ஒருநாள் பழகிப்போகும்.

அதே மாதத்தில் வெளியான ஃபேன்டம் லிபர்ட்டி என்ற விரிவாக்கத்தில் மற்றொரு வழியை முயன்றார்கள். பசிஃபிகா வட்டாரத்துக்குள் கர்ட் ஹான்சன் என்பவரின் படையினர் ஆளும் டாக்டவுன் என்ற சிறிய பகுதிக்குள் கதையைச் சுருக்கினார்கள். அங்கே மிஸ்டர் ஹேண்ட்ஸ் என்ற தரகர் தரும் வேலைகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவற்றில், நீங்கள் தேடிவந்த ஆள் வாய் திறந்து தன் தரப்பைச் சொல்கிறார், அதைக் கேட்ட பிறகு யாருக்காக வேலை செய்வது என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, அந்தத் தீர்மானத்துக்கேற்பத் தரகரின் பதிலும் மாறுகிறது. சில்லுக்குள் கிடந்த கதை, செயலுக்கு முன்னால் வந்துவிட்டது. வியப்பு என்னவென்றால், இதே விரிவாக்கத்தில் வானிலிருந்து பெட்டிகள் விழுவதும் கார்களைத் திருடிக்கொண்டுவந்து சேர்ப்பதுமான முடிவற்ற அச்சுப் பணிகளையும் சேர்த்திருக்கிறார்கள். பணிகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் வாங்குபவர் குறைசொல்வார் என்ற அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதை இது காட்டுகிறது.

ஏழு டாக்ஸிகள்

திரும்ப வருதல் என்பதே குற்றம் என்ற முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது. இதே விளையாட்டில், இதே நகரத்தில், ஒரே வேலையை ஏழுமுறை செய்யச் சொல்லும் ஒரு மிஷன் இருக்கிறது. ஆடியவர்களில் பலர் அதைத்தான் தங்களுக்கு மிகவும் பிடித்ததாகச் சொல்வார்கள்.

டெலமெய்ன் என்பது ஒரு செயற்கை நுண்ணறிவு. ஓட்டுநரில்லாத டாக்ஸிகளை நடத்தும் நிறுவனமும் அதுவே. அதன் டாக்ஸிகளில் ஏழு, அதன் கட்டுப்பாட்டை மீறி நகரில் திரிகின்றன. ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து மீண்டும் இணைக்க வேண்டும். எழுத்தில் பார்த்தால் தெருமுனைக் குற்றங்களைப் போலவே அலுப்பூட்டக்கூடிய பணி: ஐகான் இருக்கும் இடத்துக்குப் போ, காரைக் கண்டுபிடி, அடுத்ததற்குப் போ. ஆனால் ராஞ்சோ கரோனாடோவில் இருக்கும் கார், அங்குள்ள வீட்டுத் தோட்டங்களில் நட்டிருக்கும் இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் ஃபிளமிங்கோ பறவைகளை வெறுக்கிறது. அவற்றை உங்கள் கையாலேயே உடைத்தால்தான் திரும்பி வருவேன் என்கிறது. கோஸ்ட்வியூவில் இருப்பது உங்களை ஆசைகாட்டி அழைத்துக்கொண்டுபோய்க் கும்பலிடம் மாட்டிவிடுகிறது. தி கிளென் பகுதியில் இருப்பது, கீழே விழுந்து அழிந்துவிடலாம் என்று ஒரு விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறது. அதனிடம் நிதானமாகப் பேசி மனதை மாற்ற வேண்டும்.

அடுத்த காரில் என்ன மனநிலை காத்திருக்கிறது என்ற ஆவலே நம்மை நகரத்தின் குறுக்கே ஓட்டிச் செல்கிறது. ஏழும் முடிந்த பிறகு டெலமெய்னின் தலைமையகத்தில் ஒரு நெருக்கடி வருகிறது: அந்த ஏழு குரல்களையும் அழித்துப் பழைய ஒழுங்கை மீட்பதா, மூல அறிவை அழித்து அவற்றை விடுதலை செய்வதா, போதிய அறிவுத்திறன் இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். ஏழுமுறை ஓடியாடி நாம் கேட்ட பேச்சுகள்தாம் அந்த முடிவின் கனத்தை உண்டாக்குகின்றன. அவற்றை ஒரு காட்சியில் வேகமாகச் சொல்லி முடித்திருந்தால் விளிம்பில் நின்ற அந்தக் காரை அழிக்க யாருக்கும் கை நடுங்கியிருக்காது. திரும்ப வருதல் இங்கே கதைசொல்லலின் கருவியாகவே மாறியிருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவை வாட்சன் தரகரான ரெஜினா ஜோன்ஸ் தரும் 17 பணிகள். உடலில் அளவுக்கு மீறி எந்திரங்களைப் பொருத்தி மனம் பிறழ்ந்தவர்களை, முடிந்தவரை கொல்லாமல் மடக்கச் சொல்கிறார் அவர். நார்த்சைடில் ஜாரியா ஹியூஸ் என்பவர், சடங்கு நடந்த இடத்தின் நடுவே பனிக்கட்டி நிறைந்த தொட்டியிலிருந்து எழுந்து வருவது மறக்க முடியாத காட்சி. ஒவ்வொரு சண்டைக்கும் தனிக் களம், தனி உத்தி என்று கவனம் செலுத்தியிருக்கிறார்கள். ஆனால் மடக்கிய பிறகு சில்லைப் படிப்பதும் ரெஜினாவுக்குச் செய்தி அனுப்புவதும் 17 முறையும் ஒன்றுதான். உயிரோடு பிடித்தவர்களை நாம் மறுபடி சந்திப்பதில்லை. கொல்லாமல் விட நாம் எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு ஒரு முகமாவது பதில் சொல்லியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

சைபர்பங்க் உலகுக்கு ஏன் கூடுதலாக வலிக்கிறது

பரந்த காடும் மலையும் கொண்ட கற்பனை உலகங்களில் வெறுமை இயல்பானது. சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனமே 2015இல் வெளியிட்ட விட்சர் 3 விளையாட்டின் ஸ்கெல்லிகே கடல் முழுவதும், மிதக்கும் பீப்பாய்களுக்குக் கீழே கடத்தல்காரர்களின் பெட்டிகள் ஒரே மாதிரி இறைந்து கிடக்கின்றன. அலுப்பான வேலைதான், ஆனாலும் கடலும் காற்றும் படகும் அங்கே இருந்ததால் ஆடியவர்கள் அதை மன்னித்தார்கள், அல்லது விட்டுவிட்டுக் கரையேறினார்கள்.

சைபர்பங்க் என்ற வகையின் உயிரே நெருக்கத்தில் இருக்கிறது. பெருநிறுவனங்கள் அரசைவிடப் பெரிதாக வளர்ந்த நகரம், அடுக்குமாடிகளில் அடைபட்ட லட்சக்கணக்கான மக்கள், ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னும் ஒரு பிழைப்பு என்பதைத்தான் அது வாக்களிக்கிறது. நைட் சிட்டி கண்ணுக்கு அந்த வாக்குறுதியைக் காப்பாற்றுகிறது. மழைநாளில் ஜப்பான்டவுனின் சந்துகளைப் போல் அழகான இடத்தை வேறெந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் பெரும்பாலான கதவுகள் திறப்பதில்லை, தெருவில் போகிறவர்களில் பெரும்பாலோரிடம் பேச எதுவும் இல்லை. மனிதர்கள் நிறைந்த இடத்தில் அச்சு வார்ப்புகள் கண்ணில் பட்டால், காட்டில் பட்டதைவிட அதிகமாக உறுத்தும். இயந்திரமயமான வாழ்வின் சலிப்பைக் காட்டுவதுதான் இந்த வகையின் நோக்கம், ஆகவே இது பொருத்தமே என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சலிப்பான வாழ்வைப் பற்றிய நல்ல கதை நம்மைச் சலிப்பூட்டுவதில்லை. அதற்குக் காரணமானவர்கள்மீது கோபத்தை உண்டாக்குகிறது.

சிறிய இடத்திலேயே இந்த நெருக்கத்தைச் சாதிக்க முடியும் என்பதற்கு, ஐடோஸ் மான்ட்ரியல் 2016இல் வெளியிட்ட டியஸ் எக்ஸ்: மேன்கைண்ட் டிவைடட் சான்று. அதன் பிராக் நகரம் சில தெருக்கள் மட்டுமே. கதை நம்மை மூன்றுமுறை அங்கே திரும்பக் கொண்டுவருகிறது. கடைசிமுறை இரவு, ராணுவக் கட்டுப்பாடு, முன்பு சாதாரணமாக நடந்துபோன மூலைகளில் இப்போது சுடத் தயாராக நிற்கும் காவலர்கள். பழைய தெருவே புதிய இடமாகிவிடுகிறது. அந்தக் குடியிருப்புகளின் பின்வழிகளை முன்பே அறிந்துவைத்திருப்பது அப்போதுதான் பயன்படுகிறது.

இப்போது ஆடத் தொடங்குபவருக்கு

சைபர்பங்க் 2077 இன்று 2020இல் இருந்த விளையாட்டு அல்ல. 2024 இறுதிக்குள் 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருப்பதும் அந்தத் திருத்தங்களின் விளைவே. 2.0க்குப் பிந்தைய பதிப்பை, அதற்கேற்ற கருவியில் ஆடுபவருக்கு நல்ல அனுபவம் காத்திருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் வரைபடத்தை முழுவதும் துடைத்துக் காலிசெய்ய வேண்டும் என்ற பழக்கத்தோடு போகிறவர்கள், மேலே விவரித்த சலிப்பை அப்படியே சந்திப்பார்கள். காவல்துறை வானொலியின் தெருமுனைச் சண்டைகளைத் தேடிப்போக வேண்டாம். வழியில் எதிர்ப்பட்டால், புதிய ஆயுதத்தைப் பழகிப்பார்க்க ஒன்றிரண்டைச் செய்தால் போதும். தரகர்களின் வேலைகளில் ஒரு வட்டாரத்துக்குச் சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம், அதுவும் ஒவ்வொருமுறையும் வேறு வழியில் நுழைவது என்று முடிவுசெய்துகொண்டு.

விளையாட்டின் குறிப்பேட்டைத் திறந்தால் இந்த வேலைகளும் 'சைடு ஜாப்' எனப்படும் துணைக்கதைகளும் தனித்தனிப் பட்டியலாக இருப்பதைக் காணலாம். வழியில் வி சந்தித்து நெருக்கமாகும் பனாம், ஜூடி, ரிவர், கெர்ரி ஆகியோரின் கதைகள் இந்த இரண்டாவது பட்டியலில் இருக்கின்றன. அவை ஒரே அமர்வில் முடிவதில்லை, நடுவே தொலைபேசியில் அழைப்பார்கள், செய்தி அனுப்புவார்கள், நீங்கள் முன்பு சொன்னதை நினைவில் வைத்துப் பேசுவார்கள். பனாமின் கதையை முடித்தவருக்கு விளையாட்டின் இறுதியில் ஒரு வழி கூடுதலாகத் திறக்கும்; ஜானியோடும் அவனுடைய பழைய தோழி ரோகோடும் தொடர்புடைய கதையை முடித்தவருக்கு இன்னொன்று. வரைபடத்தில் இந்தக் கதைகளின் குறியும் மற்ற குறிகளுக்கு நடுவேதான் சிறியதாக நிற்கும். அதனால் வரைபடத்தை மூடிவிட்டு, குறிப்பேட்டிலிருந்து தொடங்குங்கள்.